தரையில் மங்கல், முப்பது கிலோமீட்டரில் கூர்மை: ஃப்ரீ ஸ்டேட் வானில் ஒரு விண்மீன் கேமராவின் இரண்டு பறப்புகள்

பின்னணி

பலூனில் தொங்கும் தொலைநோக்கி ஓயாமல் சுழலும், ஊசலாடும். அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று நொடிக்கு நொடி சொல்ல ஒரு துணைக் கண் வேண்டும். விண்மீன் கேமரா அந்த வேலையைச் செய்கிறது: அகலமான வானப் பகுதியைப் படமெடுத்து, படத்திலுள்ள விண்மீன்களை அட்டவணையோடு பொருத்தி, பார்வைத் திசையைக் கணக்கிடும். 2023 ஏப்ரலில் நியூசிலாந்தின் வனாகாவிலிருந்து கிளம்பி ஏறத்தாழ 40 நாள் பறந்த சூப்பர்பிட் என்ற அரை மீட்டர் தொலைநோக்கியும் இப்படிப்பட்ட கேமராக்களைக் கொண்டுதான் குறி வைத்தது.

இந்த ஆய்வில் வரும் குழு அவ்வளவு பெரியதல்ல. தென்னாப்பிரிக்காவின் டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் சேர்ந்த ஏழு தமிழர்கள்: தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இயற்பியல் விரிவுரையாளர் ஒருவர், சாட்ஸ்வொர்த்தில் மின்னணுக் கருவிகள் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர் ஒருவர், அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்ற, எல்லோரும் மாமா என்று அழைக்கும் பெரியவர் ஒருவர், மாணவர்கள் நால்வர். பின்னால் பறக்கவிருக்கும் ஒரு சிறிய புறஊதாத் தொலைநோக்கிக்கு வழிகாட்டியாக, விலை குறைந்த விண்மீன் கேமரா ஒன்று 30 கி.மீ. உயரத்தில் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். முதல் பறப்பில் கேமரா பழுதில்லாமல் இயங்கியது, ஆனால் படங்கள் பயன்படவில்லை. அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்த விதத்துக்காகவே இது எழுதப்படுகிறது.

இடமும் நாளும்

வானியலுக்குக் கரூ பாலைவெளிதான் பேர்போனது. ஆனால் ரேடியோ அனுப்பியைச் சுமக்கும் பலூனுக்கு அது உகந்த இடமல்ல. வட கேப்பில் கார்னார்வன் அருகே மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியின் 64 கிண்ணங்கள் இருக்கின்றன. 2007ஆம் ஆண்டின் வானியல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த வட்டாரத்தில் ரேடியோ அலைபரப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. தரையில் நிற்கும் அனுப்பியை ஒரு குன்று மறைத்துவிடும். 30 கி.மீ. உயரத்தில் தொங்கும் அனுப்பிக்கு அடிவானம் ஏறத்தாழ 620 கி.மீ. தொலைவில் இருக்கிறது. புளூம்ஃபொன்டைனில் ஏவினாலும் மீர்கேட்டின் நேர்ப்பார்வைக்குள் வந்துவிடும். சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்பதோடு நிற்காமல், அடிவானக் கணக்கையே அளவுகோலாக வைத்துக்கொள்வது என்று குழு முடிவு செய்தது. அது நல்ல முடிவு. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் கிழக்கில், பெத்லஹேமுக்கு வடக்கே ரைட்ஸ் பக்கம் ஒரு மக்காச்சோளப் பண்ணை கிடைத்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம், மீர்கேட்டிலிருந்து 700 கி.மீ.க்கு மேல் தொலைவு. டர்பனிலிருந்து வான் ரீனன் கணவாய் ஏறி வர ஏறக்குறைய 400 கி.மீ.

அடுத்தது காற்று. குளிர்காலத்தில் 12 கி.மீ. உயரத்து மேலைக் காற்று பலூனை டிராகன்ஸ்பெர்க் மலைகளுக்கும் நட்டால் பக்கத்துக்கும் தள்ளிவிடும், அதற்கு மேலும் காற்று அதே திசையில்தான் வீசும். கோடையில் 20 கி.மீ.க்கு மேல் காற்று கிழக்கிலிருந்து வீசி பலூனைத் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் பிற்பகல்தோறும் இடியும் ஆலங்கட்டியும். இரண்டுக்கும் நடுவே, மார்ச் ஏப்ரல் மாதங்களில், மேலடுக்குக் காற்று திசை மாறும்போது கொஞ்ச காலம் அடங்கிக் கிடக்கும்.

ஈஸ்டர் நீண்ட விடுமுறையை மாணவர்கள் முதலில் கேட்டார்கள். இரண்டு காரணங்களால் அது கைவிடப்பட்டது. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா. குழுவில் பாதிப் பேரின் குடும்பங்கள் அங்கேதான் இருக்கும். இன்னொரு காரணம் வானத்திலேயே இருக்கிறது. ஈஸ்டர் என்பதே முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. அந்த வாரம் எந்த ஆண்டிலும் நிலவொளி இருக்கும். ஈஸ்டருக்குப் பிந்தைய இரண்டாம் வாரத்தில் அமாவாசை வந்துவிடும். இரண்டு பறப்புகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த வாரத்திலேயே நடந்தன.

லெசோத்தோ எல்லை தெற்கே அருகில் இருப்பதால், முன்கணிப்பில் இறங்குமிடம் எல்லையிலிருந்து 30 கி.மீ.க்குள் வந்தால் ஏவுவதில்லை என்று எழுதி வைத்தார்கள். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் விமானிகளுக்கான அறிவிப்பும் முன்கூட்டியே பெறப்பட்டன.

கருவியும் பலூனும்

கேமராவின் உணரி சோனி ஐஎம்எக்ஸ்290, கருப்பு வெள்ளை, 2.9 மைக்ரான் படப்புள்ளி. லென்ஸ் 50 மி.மீ., எஃப் 1.8, அதாவது குவியத் தூரம் திறப்பின் விட்டத்தைப்போல் 1.8 மடங்கு. இந்தச் சேர்க்கையில் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 12 வில்நொடி (ஒரு டிகிரியில் 3,600 வில்நொடி), பார்வைப் புலம் 6.4 × 3.6 டிகிரி. அவ்வளவு சிறிய புலத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் சராசரியாக மூன்றுதான் விழும். அட்டவணையோடு பொருத்த அது போதாது, அதைவிட மங்கலான 7ஆம் ஒளிப்பொலிவு வரை (எண் கூடக்கூட விண்மீன் மங்கல்) எட்ட வேண்டும். கணக்குப்படி 5 மில்லிநொடி வெளிப்பாட்டிலேயே, அதாவது அவ்வளவு நேரம் ஒளியை வாங்கினாலே, எட்ட முடியும், ஒளி இரண்டு மூன்று புள்ளிகளுக்குள் குவிந்தால்.

கேமரா உச்சிவானை நேராகப் பார்க்க முடியாது, பலூனே மறைக்கும். எனவே உச்சியிலிருந்து 40 டிகிரி சாய்வு.

கணினி ராஸ்பெரி பை 4. மின்சாரம் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் வேலை செய்யும் லித்தியம் ஏஏ செல்கள். பாராசூட், கயிறு எல்லாம் சேர்த்துத் தொங்கும் எடை 2.6 கி.கி. பன்னாட்டு விதிகளில் 4 கி.கி.க்குக் கீழே இருந்தால் இலகு வகை. ஆனால் சுமையைப் பலூனிலிருந்து பிரிக்க 230 நியூட்டன் அல்லது அதற்கு மேற்பட்ட விசை தேவைப்படும் கயிறு கட்டினால் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கனரக வகைக்குப் போய்விடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. கயிற்றை வாங்கிய இடத்தில் சொன்ன வலிமையை நம்பாமல் தொங்கு தராசில் இழுத்து அறுத்துப் பார்த்தார்கள்.

பலூன் 2,000 கிராம் லேட்டெக்ஸ். ஏறு வேகம் நொடிக்கு 5 மீட்டர் வேண்டுமானால் சுமைக்கு மேல் 1.6 கி.கி. உபரித் தூக்கு தேவை. ஆக, பலூன் வாயில் 4.2 கி.கி. தண்ணீர்க் கேனைக் கட்டி, அது தரையைவிட்டு எழும்வரை ஹீலியம் நிரப்பினார்கள். 1,600 மீட்டர் உயரத்தில் ஒரு கனமீட்டர் ஹீலியம் 0.88 கி.கி.தான் தூக்கும் என்பதால், பலூனின் சொந்த எடை 2 கி.கி.யையும் சேர்த்து, 7 கனமீட்டர் ஆனது. 50 லிட்டர் சிலிண்டரில் பாதிக்குச் சற்று மேல் செலவு.

முதல் பறப்புக்கு முன் செய்த சோதனை

தெர்மோகோல் பெட்டியில் ட்ரை ஐஸ் போட்டு, கேமராவை உள்ளே வைத்து, லென்ஸை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை இறக்கினார்கள். ஒரு செயற்கை விண்மீனைப் பார்த்து அந்த வெப்பநிலையில் கூர்மையாக இருக்கும்படி ஃபோகஸ் வளையத்தைப் பசையிட்டுப் பூட்டினார்கள். வெளிக்காற்று 60 டிகிரி உறைகுளிராக இருந்தாலும், 2 வாட் சூடேற்றியும் தெர்மோகோல் உறையும் லென்ஸை 15 முதல் 25 டிகிரி உறைகுளிருக்குள் வைத்திருக்கும் என்று கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் பனி படியாமலிருக்க உள்ளே சிலிக்கா ஜெல் பையும் வைத்திருந்தார்கள். அதுவும் வேலை செய்தது.

வெற்றிடச் சோதனை செய்யவில்லை. குளிர்தான் எதிரி என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பறப்பு

ஏப்ரல் பிற்பாதி, இரவு 7:30க்கு ஏவல். தரைக்காற்று ஏறக்குறைய இல்லை.

12 கி.மீ. உயரத்தில் ஜிபிஎஸ் நின்றுபோனது. மாமாவின் ரேடியோவில் 144.800 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் வந்துகொண்டே இருந்தது, ஆனால் இடமும் உயரமும் உறைந்து நின்றன. யூ-பிளாக்ஸ் வகை ஜிபிஎஸ் சில்லுகள் இயல்பில் 12 கி.மீ. வரைக்குமான நிலையில்தான் விழித்தெழும். உயரப் பறப்புக்கென்று தனிக் கட்டளை அனுப்ப வேண்டும். குழு அனுப்பியிருந்தது. ஆனால் சூடேற்றி ஒவ்வொரு முறை இயங்கும்போதும் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. அப்படி ஒரு சரிவில் சில்லு மறுபடி தொடங்கி, கட்டளையை மறந்து பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. உயரத்தை அழுத்தமானிதான் காப்பாற்றியது. அதுவும் எம்எஸ்5611 என்பதால். அது 10 ஹெக்டோபாஸ்கல் என்ற மிகக் குறைந்த காற்றழுத்தம் வரை அளக்கும். மலிவாகக் கிடைக்கும் பிஎம்பி280 என்றால் 300 ஹெக்டோபாஸ்கலோடு, அதாவது 9 கி.மீ.யோடு, அதன் எல்லை முடிந்துவிடும்.

31 கி.மீ. அருகே பலூன் வெடித்தது. இறங்கும்போது 12 கி.மீ.க்குக் கீழே ஜிபிஎஸ் உயிர்பெற்றது. கடைசியாகக் கிடைத்த புள்ளி காய்ந்து நின்ற மக்காச்சோளக் கொல்லை ஒன்றின் நடுவே. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் தட்டைக்குள் வெள்ளை தெர்மோகோல் பெட்டியைத் தேட ஒன்றரை நாள் ஆனது. பண்ணையாட்கள்தான் கண்டெடுத்துக் கொடுத்தார்கள்.

படங்களில் தெரிந்தது

சில ஆயிரம் படங்கள் இருந்தன. பொருத்தல் நிரல் அவற்றில் மிகச் சிலவற்றுக்கே திசை கண்டுபிடித்தது. விண்மீன்கள் எல்லாம் தடித்த கோடுகளாக இழுபட்டிருந்தன.

பெட்டி சுழன்றதுதான் காரணம் என்று முதல் வாரம் முழுக்க நம்பினார்கள். நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. சுழல்மானியின்படி 20 கி.மீ.க்கு மேலும் பெட்டி நொடிக்கு 6 டிகிரி வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. 40 டிகிரி சாய்ந்த கேமராவுக்கு அது நொடிக்கு 3.9 டிகிரி. அந்தப் பறப்பின் 20 மில்லிநொடி வெளிப்பாட்டில் 23 புள்ளி நீளக் கோடு விழும். அளந்தபோது கோடுகள் அந்த நீளத்தில்தான் இருந்தன.

மாணவி ஒருத்தி அகலத்தையும் அளந்தாள். சுழற்சி கோட்டை நீளமாக்கும், அகலமாக்காது. இரண்டரைப் புள்ளி இருக்க வேண்டிய அகலம் உச்ச உயரத்தில் ஏழு புள்ளிகள் இருந்தது. நீளம் ஒரு நோய், அகலம் வேறொரு நோய். இரண்டும் ஒரே படத்தில் இருந்ததால் ஒன்றாகத் தெரிந்தன. இந்தப் பறப்பின் மிகப் பெரிய பலன் அந்த அளவீடுதான் என்பதில் சந்தேகமில்லை.

அகலத்துக்குக் குளிர் காரணமா? லென்ஸ் வெப்பநிலையின் பதிவில் ஒரு வசதி இருந்தது. ஏறும்போது 9 கி.மீ.யில் உறைநிலைக்குக் கீழே 14 டிகிரி, 17 கி.மீ. வாக்கில் 24 டிகிரி வரை இறங்கிற்று; அதன்பின் வெப்பத்தை வாங்கிப்போகக் காற்றே மிஞ்சவில்லை, சூடேற்றி மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால் 30 கி.மீ.யில் மறுபடி 14 டிகிரிக்கு வந்தது. ஒரே வெப்பநிலை, இரண்டு உயரங்கள். அகலமோ கீழே நாலரைப் புள்ளி, மேலே ஏழு. குளிர் காரணமென்றால் இரண்டும் சமமாக இருந்திருக்கும். மாறியது காற்றழுத்தம் மட்டும்: 300 ஹெக்டோபாஸ்கலிலிருந்து 12க்கு.

காரணம்

லென்ஸ் ஒளியை வளைப்பது கண்ணாடிக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான ஒளிவிலகல் வேறுபாட்டால். காற்றின் ஒளிவிலகல் எண் தரையில் 1ஐவிட ஏறத்தாழ 0.00027 கூடுதல். காற்றை எடுத்துவிட்டால் கண்ணாடி சற்றே வலுவாக வளைக்கும், குவியத் தூரம் சுருங்கும். எளிய கண்ணாடி லென்ஸுக்குச் சுருக்கம் சுமார் 0.08 சதவீதம். 50 மி.மீ.க்கு 40 மைக்ரான். 1,600 மீட்டரிலேயே காற்று மெலிந்திருப்பதால், அங்கே ஃபோகஸ் செய்த லென்ஸுக்கு 33 மைக்ரான் அளவில் வரும். எஃப் 1.8 லென்ஸில் 33 மைக்ரான் பிசகு 18 மைக்ரான் அகல மங்கலைக் கொடுக்கும், அதாவது ஆறு புள்ளி. படத்தில் கண்டதும் அதுவே.

லென்ஸ் இல்லாமல், ஒளியை எதிரொளிக்கும் ஆடிகளை மட்டுமே கொண்ட தொலைநோக்கிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால்தானோ என்னவோ, பலூன் வானியல் பேச்சில் இது அரிதாகவே காதில் விழுகிறது.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. கேமராவைக் காற்றடைத்த உலோகக் கூட்டில் மூடலாம்; ஆனால் எடை ஏறும், ஜன்னல் கண்ணாடி அழுத்தத்தில் வளைந்தால் அதுவே ஒரு லென்ஸாகும். மோட்டார் வைத்து மேலே ஃபோகஸ் செய்யலாம். குளிரில் கிரீஸ் இறுகும், கெட்டால் எல்லாமே போகும். மூன்றாவது, தரையிலேயே 33 மைக்ரான் தள்ளி வைத்துவிடுவது. அசையும் பாகம் இல்லாத வழி என்பதால் மூன்றாவதைத் தேர்ந்தார்கள்.

இந்த முறை கணக்கை நம்பவில்லை. பல லென்ஸ்கள் அடுக்கிய கேமரா லென்ஸ் எளிய கணக்கைவிட்டு விலகக்கூடும். விரிவுரையாளர் ஓர் இயற்பியல் ஆய்வகத்தில் மணி ஜாடியும் (மணி வடிவக் கண்ணாடி மூடி) அதிலிருந்து காற்றை உறிஞ்சும் சுழல் பம்பும் இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கினார். 10 மைக்ரான் துளைக்குப் பின்னால் எல்இடி, அதன்முன் ஒரு இணைகற்றை லென்ஸ். இதுதான் செயற்கை விண்மீன். லென்ஸைக் குளிர்த்தட்டால் உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில் நிறுத்தி, அழுத்தத்தை 830 ஹெக்டோபாஸ்கலிலிருந்து 10 வரை இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் அகலத்தைக் குறித்தார்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையிலிருந்த 0.10 மி.மீ. இடைத்தகட்டை எடுத்துவிட்டு, ஃபீலர் கேஜிலிருந்து (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகத் தகடு) வெட்டிய 0.07 மி.மீ. தகட்டைப் போட்டபோது 10 ஹெக்டோபாஸ்கலில் விண்மீன் இரண்டரைப் புள்ளிக்குச் சுருங்கியது.

ஜாடிக்குள் இன்னொன்றும் வெளிப்பட்டது. 10 ஹெக்டோபாஸ்கலில் ராஸ்பெரி பை இருபது நிமிடத்தில் 80 டிகிரி தாண்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. வெளியே உறைகுளிர், உள்ளே கொதிப்பு: மெல்லிய காற்று வெப்பத்தைக் கொண்டுபோகாது. செயலியிலிருந்து வெப்பப் பட்டை வைத்து 3 மி.மீ. அலுமினியத் தகடு வழியாகப் பெட்டிக்கு வெளியே வெப்பத்தைக் கடத்தினார்கள்.

சுழற்சிக்கு, ஒற்றைக் கயிறும் சுழல் கொக்கியும் நீக்கப்பட்டன. 0.9 மீட்டர் கார்பன் குழாயின் இரு முனைகளிலிருந்து இரண்டு கயிறுகள், 15 மீட்டர் நீளம். இரட்டைக் கயிறு முறுக்கிக்கொண்டால் பெட்டி சற்று உயர வேண்டும், எடையே அதைத் திருப்பி இழுக்கும். மின்கலங்களை நடுவிலிருந்து குழாயின் முனைகளுக்கு மாற்றியதால் சுழலும் நிலைமமும் கூடியது.

ஜிபிஎஸ்ஸுக்கு நிமிடத்துக்கு ஒருமுறை அதன் நிலையைக் கேட்டு, மாறியிருந்தால் கட்டளையை மறுபடி அனுப்பும் நான்கு வரி நிரல். சூடேற்றிக்குத் தனி மின்கல வரிசை. தரைக்கு மேல் ஆயிரம் மீட்டருக்குக் கீழே வந்ததும் கத்தும் ஒலிப்பான். பெட்டிக்கு ஆரஞ்சு நிற டேப்.

அடுத்த அமாவாசைக்கே, மே மாதம், பறக்கலாமா என்ற ஆசை இருந்தது. அப்போது மேலைக் காற்று வலுத்துவிடும், முன்கணிப்பு மலைப்பகுதியைக் காட்டியது. ஓராண்டு காத்திருந்தார்கள்.

இரண்டாம் பறப்பு

ஏவுவதற்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது ஒரு தடுமாற்றம். இறுதிச் சோதனைப் படத்தில் விண்மீன்கள் வட்டத் தட்டுகளாகத் தெரிந்தன. புதிதாகச் சேர்ந்த மாணவன் பதறிப்போய், "அண்ணா, ஃபோகஸ் போயிடுச்சு, திருப்பிடவா?" என்று வளையத்தின் மேல் கை வைத்தான். "கைய எடு தம்பி. இங்க மங்கலா இருந்தாத்தான் மேல சரியா இருக்கும்" என்றார் தொழில்நுட்பர். மணி ஜாடி நாளில் எடுத்த தரைப் படம் அச்சிட்டு வைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தட்டின் அகலம் அதேதான் என்று உறுதி செய்த பிறகே பெட்டி மூடப்பட்டது. அந்த அச்சுப்படம் இல்லாவிட்டால் இருட்டில், அவசரத்தில், ஓராண்டு உழைப்பை யாராவது நல்லெண்ணத்தோடு கெடுத்திருப்பார்கள்.

ஜிபிஎஸ் முழு உயரத்துக்கும் உழைத்தது. நிரல் இருமுறை கட்டளையை மறுபடி அனுப்பியிருந்ததைப் பதிவு காட்டியது. தனி மின்கலம் வைத்தும் ஒரு சரிவு எங்கிருந்தோ வந்திருக்கிறது. அது நிரலால் மறைந்ததே தவிர தீரவில்லை.

விளைவு

22 கி.மீ.க்கு மேல் சுழற்சி நொடிக்கு ஒன்று முதல் மூன்று டிகிரிக்குள் அடங்கியது. 5 மில்லிநொடிப் படங்களில் கோடு இரண்டு மூன்று புள்ளி நீளம், அகலம் மூன்றுக்குள். அந்த உயரத்தில் எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிரல் திசை கண்டது. திரிசங்கு, செண்டாரஸ், கரினா விண்மீன் கூட்டங்களின் பகுதிகளில் 7ஆம் ஒளிப்பொலிவு விண்மீன்கள் தெளிவாக விழுந்திருந்தன. அண்டக்கதிர் மோதிய புள்ளிகள் சிலவற்றை நிரல் விண்மீன் என்று எண்ணிக்கொண்டது. அடுத்த படத்திலும் எதிர்பார்த்த இடத்தில் வராத புள்ளியைத் தள்ளிவிடும் விதி சேர்த்ததும் அது சரியாகிவிட்டது.

15 கி.மீ.க்குக் கீழே படங்கள் மங்கல்தான். அது தெரிந்தே கொடுத்த விலை.

பெட்டி மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. ஒலிப்பானின் சத்தத்தைக் கேட்டு அன்றிரவே எடுத்துவிட்டார்கள்.

மாற்ற வேண்டியவை

குளிர்ச் சோதனையும் வெற்றிடச் சோதனையும் தனித்தனியே செய்தால் போதாது. முதல் பறப்புக்கு முன்பே மணி ஜாடி கிடைத்திருந்தால் ஓராண்டு மிச்சமாகியிருக்கும். ஓர் ஆய்வகத்திடம் இரண்டு நாள் கேட்பதற்குத் தயங்கியதுதான் தடை.

அடுத்த பறப்பில் லென்ஸின் திறப்பை எஃப் 2.5க்குக் குறைக்க இருக்கிறார்கள். ஒளி பாதியாகக் குறையும், ஆனால் ஃபோகஸ் பிசகைத் தாங்கும் அளவு கூடும், 10 கி.மீ.யிலிருந்தே படங்கள் பயன்படக்கூடும். மின்னழுத்தச் சரிவின் மூலத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வரிசையின் அழுத்தத்தையும் நொடிக்கு நூறு முறை பதியவிருக்கிறார்கள்.

புறஊதாத் தொலைநோக்கி வரும்போது புதிய ஆபத்து ஒன்று சேரும். அதன் ஒளிப்பெருக்கிக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. 30 கி.மீ. உயரத்துக் காற்றழுத்தத்தில் ஒரு மி.மீ. இடைவெளிகூட 300 சொச்சம் வோல்ட்டிலேயே மின்பொறி பாயும் நிலைக்கு அருகில் வந்துவிடும். தரையில் ஒழுங்காக ஓடும் உயர் அழுத்தப் பலகை அங்கே தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். அந்தப் பலகையைச் சிலிகான் பிசினில் முழுக்க மூழ்கடித்து, 10 ஹெக்டோபாஸ்கலில் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பெட்டியில் ஏற்றுவதில்லை என்று சோதனைப் பட்டியலின் முதல் வரியாக எழுதியிருக்கிறார்கள்.